பின்கால் வரிசை

என் நாத்தனார் பிரிஜெட்டை யாராவது தெய்வம் என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சனிக்கிழமைகளில் வைட்ஃபீல்டிலிருந்தும் எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்தும் அவளுடைய நாய்க் காப்பகத்தில் உதவ வரும் பிள்ளைகள் இன்ஸ்டாகிராமில் அப்படித்தான் எழுதுகிறார்கள். நாயை மடியில் போட்டுக்கொண்டு ஒரு படம், பிரிஜெட்டின் தோளில் கைபோட்டு ஒரு படம், கீழே கைகூப்புகிற பொம்மை. மறுநாள் பேதியான நாயின் கூண்டைக் கழுவும்போது தெய்வத்தின் பக்கத்தில் நிற்பவள் நான்தான். நான் தண்ணீரை வீணாக்குகிறேன் என்று தெய்வம் என்மேல் எரிந்து விழுந்துகொண்டிருக்கும்.

அவள் பிடிவாதக்காரி, அவ்வளவுதான். பிடிவாதத்துக்கு நாலு பேர் வேறு பெயர் வைத்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

நான் ஆஞ்சலா. அவளுடைய அண்ணன் ஹெர்பர்ட்டைக் கட்டிக்கொண்டு ஆஸ்டின் டவுன் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். குழம்பில் உப்பு என்பாள், சர்ச்சில் பூசைக்குப் போகும் புடவையில் சுருக்கம் என்பாள். அப்படிப்பட்டவளுக்காக நான் பஸ் பிடித்து, சந்தாபுரம் தாண்டி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் இடிபட்டு, வாரத்தில் பாதி நாள் நாய்களுக்குச் சோறு வடிக்கப் போனேன். ஏன் என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. சமையலுக்கு வந்த ஆள் நின்றுவிட்டது என்று ஒரு நாள் போனேன், மாட்டிக்கொண்டேன்.

தைலமரங்களுக்கு நடுவே குத்தகைக்கு எடுத்த ஒரு துண்டு நிலம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கொட்டகைகள், ஓர் இரும்புக் கேட். பெயர்ப்பலகை கிடையாது. பலகை வைத்தால் வாசலில் நாயைக் கட்டிப்போட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்பாள் பிரிஜெட். பலகை இல்லாமலே கட்டிப்போட்டுவிட்டுப் போகிறார்கள். வீடு மாறுகிறவர்கள், வெளிநாடு போகிறவர்கள், குழந்தைக்கு அலர்ஜி என்கிறவர்கள். ஒருமுறை ஒரு லாப்ரடாரைக் கட்டிப்போட்டு, பக்கத்தில் அதன் தலையணையையும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்தத் தலையணையைப் பார்த்து பிரிஜெட் பேசிய வார்த்தைகளை எழுத முடியாது.

நடமாடும் நாய்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், தனிக் கொட்டகையில், அவளுடைய உயிர் இருந்தது. அதைத்தான் நாங்கள் பின்கால் வரிசை என்போம். வண்டி ஏறி முதுகெலும்பு ஒடிந்து, பின்பக்கம் செத்துப்போன நாய்கள். முன்காலால் இழுத்து இழுத்து வரும். வால் ஆடாது, நம்மைக் கண்டால் காதுதான் ஆடும். எந்த இடத்தில் அடிபட்டதோ அந்த இடத்தின் பெயரையே பிரிஜெட் அதற்கு வைத்துவிடுவாள். மறந்துபோகாமல் இருக்குமாம். அதனால் பஸ்ஸில் போகும்போது நான் போனில், "கோரமங்களா சாப்பிட்டுச்சா? டோல்கேட்டுக்கு வாந்தி நின்னுச்சா?" என்று கேட்டால் பக்கத்து சீட்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஹெப்பகோடி, அத்திபெலே என்று இரண்டு பெட்டைகள். எல்லாவற்றுக்கும் மூத்தவன் சில்க் போர்டு. அந்த ஜங்ஷன் டிராஃபிக் மாதிரியே இருந்த இடத்தைவிட்டு அசையவே மாட்டான்.

இந்த நாய்களுக்குத் தானாக மூத்திரம் போகாது. காலை, மதியம், சாயங்காலம் யாராவது கையால் அமுக்கிவிட வேண்டும். அடிவயிற்றில் இரண்டு பக்கமும் விரலை வைத்து மூத்திரப்பையைத் தேடிப் பிடித்து, ஒரே சீராக அமுக்க வேண்டும். அதிகம் அமுக்கினால் பை கிழியும். குறைத்து அமுக்கினால் உள்ளே தங்கும், தங்கினால் சீழ் பிடிக்கும். எப்போது காலியானது என்பதை விரல்தான் சொல்லும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

சனிக்கிழமைப் பிள்ளைகள் யாராவது ஆசைப்பட்டு அமுக்கினால், தரை நனைந்ததும், "ஆன்ட்டி, முடிஞ்சிருச்சு!" என்று கத்துவார்கள். பிரிஜெட் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "முடியல. நெறஞ்சி வழிஞ்சாலும் நனையும். நனஞ்சா காலின்னு அர்த்தமா? குடம் நெறஞ்சா வழியறதில்ல?" என்று திட்டுவாள். வருகிற எல்லோரும் செய்கிற தப்பு அது. எத்தனை பேரை அந்த ஒரு தப்புக்காக அவள் அழவைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

அவளுக்கு அந்த விரல் எப்படி வந்தது என்றால், கார்மெண்ட்ஸில் வந்தது. படிப்பு முடிந்த கையோடு ஓசூர் ரோட்டில் ஒரு கம்பெனியில் செக்கிங் செக்ஷனில் சேர்ந்தாள். தைத்து வரும் சட்டையைத் திருப்பிப்போட்டு, தையலின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போக வேண்டும். நூல் விட்ட இடம், சுருங்கிய இடம் விரலுக்குத் தெரியும். கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தால் அன்றைய டார்கெட் முடியாது. வாழ்க்கையின் பாதியை அவள் அப்படித் தடவியே கழித்தாள். மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் உண்டு. இவள் வாய் முந்திக்கொள்ளும், அவர்கள் காபியை வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். பிறகு வீட்டில் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். அதற்காக அவள் அழுது நான் பார்த்ததில்லை.

கம்பெனி வாசலில் ஒரு நாய்மேல் லாரி ஏறியபோது எல்லோரும் அச்சச்சோ என்றுவிட்டு ஷிப்டுக்குப் போனார்கள். இவள் அன்று ஷிப்டுக்குப் போகவில்லை. துப்பட்டாவில் சுற்றி ஆட்டோவில் போட்டு, சேஷகிரி என்கிற மாட்டு டாக்டரிடம் கொண்டுபோனாள். அவர்தான் அமுக்கிவிடச் சொல்லிக்கொடுத்தார். முதல்முறையே அவள் விரல் அதைப் பிடித்துக்கொண்டது. "பரவால்லையே" என்றாராம். அந்த ஒரு வார்த்தையை அவள் என்னிடம் சொன்ன தடவைகளுக்குக் கணக்கில்லை. அதன்பிறகு ஒன்று இரண்டானது, தெருக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள், வீட்டில் தன் பங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு சந்தாபுரத்துக்குப் போய்விட்டாள்.

போன பிறகு அவளுக்கு ஈஸ்டரும் இல்லை, கிறிஸ்துமஸும் இல்லை. ஒரு வேளை அமுக்குவதற்கும் அடுத்த வேளை அமுக்குவதற்கும் நடுவில் இருக்கிற நேரம்தான் அவள் நேரம். காய்ச்சல் வந்தாலும் எழுந்து அமுக்குவாள். போன் மட்டும் ஓயாது. "மேடம், இங்க ஒரு நாய் பின்கால இழுக்குது, நீங்கதான் எடுத்துப்பீங்கன்னு சொன்னாங்க." யார் சொன்னார்களோ அவர்கள் நாசமாய்ப் போக. எந்தப் போனையும் அவள் எடுக்காமல் விட்டதில்லை. இடமில்லை என்று கத்துவாள், வைத்துவிடுவாள், பிறகு அவளே திரும்பக் கூப்பிட்டு, "எங்க இருக்கீங்க?" என்பாள்.

எங்கள் மகள் ஜோவிதாவின் கல்யாணத்தன்றுதான் நான் முதலில் கவனித்தேன். மதிய வேளையை முடித்துவிட்டு, சாயங்கால வேளைக்குள் திரும்பிவிட வேண்டும் என்ற அவசரத்தில் வந்திருந்தாள். பெண்ணுக்கு அத்தைதான் சங்கிலி போட வேண்டும் என்று ஹெர்பர்ட் ஆசைப்பட்டார். பிரிஜெட் சங்கிலியைக் கழுத்தில் போட்டுவிட்டாள். கொக்கியை மாட்ட முடியவில்லை. விரலுக்குள் கொக்கி இருக்கிறது, அது இருப்பது அவளுக்குத் தெரியவில்லை. இங்கே தேடுகிறாள், அங்கே தேடுகிறாள்.

"அத்தைக்குக் கண்ணு போயிடுச்சு" என்று ஜோவிதா சிரித்தாள்.

"ஆமாடி, கெழவியாயிட்டேன்" என்று பிரிஜெட்டும் சிரித்தாள். கொக்கியை நான்தான் மாட்டினேன். கையால் சட்டைத் தையலைப் படித்தவளுக்குக் கொக்கி மாட்டக் கண் எதற்கு?

சண்டை போட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனேன். அவளுடைய உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்த டாக்டர், கட்டைவிரலுக்குக் கீழே சதை வற்றிப்போயிருப்பதை எனக்குக் காட்டினார். இரண்டு மணிக்கட்டிலும் நரம்பு நசுங்கியிருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் உணர்ச்சி திரும்பாது என்றார். ஆபரேஷன் ஆன கையைப் பல வாரம் நனைக்கக் கூடாது, அழுத்தக் கூடாது. அதுவரை தலையாட்டிக்கொண்டிருந்தவள், "அப்போ ஆகாது டாக்டர்" என்று எழுந்துவிட்டாள்.

அந்த வாரங்களில் யார் அமுக்குவார்கள்? அந்தக் கேள்வியில்தான் எல்லாம் வந்து நின்றது.

உமேஷ் என்று ஒரு ஆள் முன்பு வேலைக்கு இருந்தான். நன்றாகவே அமுக்குவான். ஆனால் ஒரு நாள் பிரிஜெட் முன்னால் வந்து நின்று, "அக்கா, நன் கைலி ஆகல்ல, என்னால முடியல. குளிச்சிட்டுப் போனாலும் பொண்டாட்டி பக்கத்துல உக்கார மாட்டேங்குறா" என்றான். இப்போது பக்கத்து அபார்ட்மெண்டில் செக்யூரிட்டி. கஞ்சிபோட்ட சட்டை, நாற்காலி, விசில். அவனைத் திரும்ப வரச்சொல்லி நான் கெஞ்சவில்லை. அந்த நாற்காலியை விட்டு யார் வருவார்கள்?

மற்ற காப்பகங்களுக்குப் போன் போட்டோம். எல்லா இடத்திலும் ஃபுல். ஒரு இடத்தில் ரொம்ப மரியாதையாகப் பேசினார்கள். பேச்சோடு பேச்சாக, அவர்களிடம் இருக்கும் பின்கால் நாயை நாங்கள் எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள்.

அதிதி என்று ஒரு பெண் வந்தாள். சென்னைப் பெண், வைட்ஃபீல்டில் வேலை. படம் எடுக்காமல் அமுக்கக் கற்றுக்கொண்ட ஒரே சனிக்கிழமைப் பிள்ளை அவள்தான். திட்டு வாங்கினாள், அழுதாள், மறுபடி உட்கார்ந்தாள். வீட்டிலிருந்தே கம்பெனி வேலை செய்யலாம் என்று அவளுக்கு இருந்ததால், கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு காப்பகத்திலேயே வந்து தங்கிக்கொள்கிறேன் என்றாள். பிரிஜெட் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாள். நான் மெழுகுவத்தி ஏற்றினேன். அந்த வாரம் பார்த்து அதிதியின் கம்பெனியில் எல்லோரும் ஆபீசுக்கு வந்தே ஆக வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். வைட்ஃபீல்டு எங்கே, சந்தாபுரம் எங்கே!

"ஸாரி ஆன்ட்டி, நான் எவ்வளவோ கேட்டுப் பாத்தேன்" என்று போனில் அழுதாள். அழுதது பொய்யில்லை. ஆனால் அழுகையால் எந்த நாய்க்கும் மூத்திரம் இறங்காது. பிரிஜெட் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

டாக்டர் சேஷகிரி மட்டும் வேறு வழி சொன்னார். "மேடம், தப்பா நெனைக்காதீங்க. இதுங்களுக்கு ஊசி போட்டுடலாம். தூங்குற மாதிரி போயிடும். உங்க கைய காப்பாத்திக்கோங்க."

பிரிஜெட் அவரைப் பார்த்த பார்வையில் மனிதர் பையை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் வண்டி கேட்டைத் தாண்டியதும் அவள், "நடக்குறதுக்குக் கால் இல்லன்னா உயிரும் வேணாமா அண்ணி? அப்படிப் பாத்தா நம்ம தெருவுல எத்தன பேருக்கு ஊசி போடணும்?" என்றாள். நான் எழுந்து போய் கேட்டை மூடினேன்.

அப்போதெல்லாம் நீயே அமுக்கிவிட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். மாட்டேன் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். "நான் சோறு வடிக்கிறேன், கூண்டு கழுவுறேன். இத மட்டும் எங்கிட்ட கேக்காத. நற்கருணை வாங்குற கை இது." எனக்கு அருவருப்பு. அருவருப்புக்கு என்ன செய்ய முடியும்? பிரிஜெட்டும் கேட்டதில்லை. எங்களுக்குள் அது ஓர் ஒப்பந்தம்போல இருந்தது.

பிறகு சில்க் போர்டு சாப்பாட்டை விட்டான். சோற்றில் கோழிக்கறி மட்டும் பொறுக்கித் தின்கிறவன், கறியையும் தொடவில்லை. உடம்பு கொதித்தது. "மூத்திரம் சரியா போறானா?" என்று நான் கேட்டேன்.

"போறான் அண்ணி. துணி நனஞ்சுதான இருக்கு" என்றாள் பிரிஜெட்.

நனஞ்சுதான இருக்கு என்று அவள் வாயால் சொன்னாள். அந்த வாய் எத்தனை பேரைத் திட்டியிருக்கிறது! அப்போது எனக்கு உறைக்கவில்லை. மறுநாள் டாக்டர் சேஷகிரி வந்து குழாய் போட்டார். வந்தது மூத்திரம் இல்லை, சீழும் ரத்தமும். பல நாளாக உள்ளேயே தேங்கி, கிட்னி போய்விட்டது என்றார். யாரையும் குற்றம் சொல்லாமல் சொன்னார், நல்ல மனுஷன். சில்க் போர்டு பிரிஜெட்டின் புடவைத் தலைப்பில் முகத்தை வைத்துக்கொண்டு செத்துப்போனான். காது ஒரு தடவை ஆடியது.

அன்று மதியம் சோற்றைக் கொண்டுபோய்ப் பார்த்தால், பிரிஜெட் தரையில் குப்புறக் கிடந்தாள். மயக்கம் என்று நினைத்து ஓடினேன். மயக்கம் இல்லை. டோல்கேட்டை மல்லாக்கப் போட்டு, அதன் அடிவயிற்றில் கன்னத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்ற?"

"பாக்குறேன் அண்ணி."

"என்னத்த பாக்குற?"

"நெறஞ்சிருக்கான்னு. கை சொல்ல மாட்டேங்குது. கன்னம் கொஞ்சம் சொல்லுது."

முகமெல்லாம் மூத்திரம். அறுபது வயதைத் தொடப்போகிறவள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. யார்மேல் ஆத்திரம் என்று தெரியவில்லை. அவள்மேல், நாய்மேல், லாரிக்காரன்மேல், இந்த ஊர்மேல். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தள்ளு. எங்க அமுக்கணும், காட்டு."

அவள் மரத்த கையால் என் கையைப் பிடித்து வைத்தாள்.

முதலில் எனக்குக் குடலும் தெரியவில்லை, பையும் தெரியவில்லை. வாந்தி வந்தது, எழுந்து போய் எடுத்துவிட்டு வந்தேன். ஒரு நாள் திடீரென்று தெரிந்தது. தோலுக்கு அடியில் கிச்சிலிப்பழம் அளவுக்கு உருண்டையாக, பிடித்தால் நழுவிக்கொண்டு. அதை அமுக்கிக்கொண்டே போனால், சுருங்கிச் சுருங்கி, கடைசியில் விரலுக்குள் ஒன்றுமில்லாமல் போகும். அந்த ஒன்றுமில்லாமல் போகும் நேரத்தில் நாயின் முகத்தைப் பார்க்க வேண்டும். அப்பாடா என்று மூச்சு விடும். இவ்வளவு சின்ன நிம்மதிக்காகவா இவள் வாழ்க்கையையே கொடுத்தாள் என்று தோன்றியது. அதே நேரத்தில் என் முகத்திலும் சிரிப்பு இருந்ததை பிரிஜெட் பார்த்துவிட்டுத் தானும் சிரித்தாள்.

"சிரிக்காத. மூஞ்சியப் பாரு" என்று நான் அவளைத்தான் திட்டினேன்.

அங்கேயே தங்கிவிட்டேன். ஹெர்பர்ட் ஹோட்டலில் சாப்பிட்டார். பூசைக்கு வீட்டுக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் தலையணையைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். எனக்கு உமேஷின் பொண்டாட்டி நினைவு வந்தது. பிரிஜெட்டுக்கு வலது கையில் ஆபரேஷன் ஆனது. கட்டோடு வந்து வரிசைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் அமுக்குவதை மேஸ்திரி மாதிரி பார்த்துக்கொண்டிருப்பாள். "இன்னும் கொஞ்சம் இருக்கு அண்ணி" என்பாள். சரியாகத்தான் இருக்கும். கட்டு பிரித்து, அது ஆறி, அப்புறம் இடது கை என்று திட்டம். எத்தனையோ வருடத்தில் முதல்முறையாக நாங்கள் சேர்ந்து டீ குடித்தோம்.

அப்போது ஜோவிதாவிடமிருந்து போன் வந்தது. முழுகாமல் இருக்கிறாள் என்பது தெரியும். தலைப்பிரசவம், ஏழாம் மாதம் எங்கள் வீட்டுக்குத்தான் வர வேண்டும். ஆனால் அதற்கு முன்பே அவளுக்குப் பிரஷர் ஏறிவிட்டது. கால் வீங்கிவிட்டது. "மம்மி, டாக்டர் ஃபுல் ரெஸ்ட் சொல்லிட்டாங்க. நான் இப்பவே வந்துடறேன்" என்றாள். பின்னாலேயே சம்பந்தியம்மாள் போனை வாங்கி, "நாய்ங்க பக்கம் போயிட்டு வந்து பிள்ளையத் தொடாதீங்க. பிரசவம் முடிஞ்சு குழந்தைக்குத் தலை நிக்கிற வரைக்கும் அங்க போகவே வேணாம்" என்றாள். நான் அவள் இடத்தில் இருந்தால் அதையேதான் சொல்லியிருப்பேன்.

பிரிஜெட்டிடம் சொன்னபோது, "இதுல யோசிக்க என்ன இருக்கு? போங்க" என்றாள். "என் கை ஆறிடுச்சு. நான் பாத்துக்கறேன்."

கை ஆறித்தான் இருந்தது. தையல் போட்ட இடம் கோடாகிவிட்டது, ராத்திரி வலி நின்றுவிட்டது. உணர்ச்சி வந்ததா என்று மட்டும் நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. டாக்டர் "பார்ப்போம்" என்று சொல்லியிருந்தார். பார்ப்போம் என்று டாக்டர்கள் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

நான் கிளம்புவதற்கு முதல் நாள் மதியம், "எங்கண் முன்னாடி ஒருவாட்டி அமுக்கு, பாத்துட்டுப் போறேன்" என்றேன்.

டோல்கேட்டை இழுத்துப்போட்டுக்கொண்டாள். உட்கார்ந்த விதம், கை வைத்த இடம், அமுக்கிய சீர், ஒன்றிலும் குறை இல்லை. துணி நனைந்தது. நனைந்துகொண்டே இருந்தது. பிறகு கையை எடுத்தாள். குனிந்து கன்னத்தையும் வைத்துப் பார்த்தாள்.

"காலி" என்றாள்.

நான் கையை வைத்தேன். கிச்சிலிப்பழம் அப்படியே இருந்தது.

ஆமாம், காலி என்று சொல்லிவிடலாம். அவள் முகத்தைப் பார்த்தபோது சொல்லத்தான் வந்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், பரீட்சை எழுதிவிட்டு டீச்சரைப் பார்க்கிற மாதிரி. வாழ்க்கை முழுக்க என் குழம்பில் குறை கண்டுபிடித்தவள்.

"இல்ல பிரிஜெட். நெறஞ்சிருக்கு."

"எவ்வளவு?"

"முக்கால்வாசி."

அவள் டோல்கேட்டின் காதைத் தடவிக்கொண்டே இருந்தாள். அந்தக் காது மெத்தென்று இருப்பதாவது அவள் விரலுக்குத் தெரிகிறதா என்று எனக்குத் தோன்றியது. மிச்சத்தை நான் அமுக்கிவிட்டேன். நான் போகவில்லை, ஜோவிதாவை அவள் மாமியாரே பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிப் பார்த்தேன். சொன்ன எனக்கே அதில் நம்பிக்கை இல்லை. அதிதியைக் கூப்பிடலாமா என்றேன், உமேஷிடம் போய்க் காலில் விழட்டுமா என்றேன்.

"விழுந்து? ஒரு வாரம் வருவான். அப்புறம்?" என்றாள். பிறகு, சோறு வெந்ததா என்று கேட்கிற குரலில் சொன்னாள்: "டாக்டர் சேஷகிரிக்கு போன் போடுங்க அண்ணி. நீங்க இருக்கும்போதே வரட்டும்."

"பிரிஜெட்…"

"சில்க் போர்டு பட்ட பாட்ட நீங்க பாத்தீங்கல்ல. அது என் கையால வந்தது. இன்னொருவாட்டி என்னால ஆகாது."

டாக்டர் மறுநாள் காலையில் வந்தார். அவரிடமும் சந்தோஷம் இல்லை. நான் அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் பையைத் திறந்தபோது பிரிஜெட், "ஒரு நிமிஷம் டாக்டர்" என்றாள். என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணி, அதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஒருவாட்டி நல்லா அமுக்கி விட்டுருங்க. வயிறு முட்டிக்கிட்டுப் போகக் கூடாது."

அமுக்கினேன். டோல்கேட், ஹெப்பகோடி, கோரமங்களா, அத்திபெலே. ஒவ்வொன்றையும் கடைசிச் சொட்டுவரை. கண்ணீரில் கண் தெரியவில்லை, ஆனால் இதற்குக் கண் தேவையில்லையே. ஒவ்வொன்றும் அப்பாடா என்று மூச்சு விட்டது. அந்த மூச்சு முடிந்த பிறகு பிரிஜெட் தலையை மடியில் எடுத்துக்கொண்டு பெயரைச் சொல்லிக் கூப்பிட, டாக்டர் ஊசி போட்டார். கடைசிவரை காதுகள் அவளுக்காக ஆடின. இதை நான் மன்னிக்கவே மாட்டேன். யாரை என்று கேட்டால் தெரியாது.

செக்யூரிட்டி சட்டையைக் கழற்றி மரத்தில் மாட்டிவிட்டு உமேஷ் குழி தோண்டிக் கொடுத்தான். எல்லாம் முடிந்ததும் பிரிஜெட் நடமாடும் நாய்களின் பாத்திரங்களைத் தேய்க்க உட்கார்ந்தாள், கட்டை விரலை விட்டுவிட்டு மற்ற விரல்களால். பக்கத்தில் கிடந்த போன் அடித்தது. அடித்து நின்று மறுபடி அடித்தது. அவள் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து டெட்டால் போட்டுக் குளித்தேன், இன்னொருமுறை குளித்தேன். சாயங்காலம் ஜோவிதா வந்து இறங்கினாள். முகம் ஊதி, கால் ஊதி, ஆனாலும் சிரித்துக்கொண்டு. சோபாவில் சாய்த்து உட்காரவைத்தேன். "அத்தை எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள். "இருக்கா" என்றேன்.

"மம்மி, இங்க வாங்க. உதைக்கிறான் பாருங்க" என்று என் கையைப் பிடித்துத் தன் வயிற்றின்மேல் வைத்தாள்.

கை வைத்ததும் என் விரல்கள் தாமாக இரண்டு பக்கமும் பிரிந்து தேடப் போயின. எங்கே நிறைந்திருக்கிறது, எங்கிருந்து அமுக்க வேண்டும் என்று. சட்டென்று கையை எடுத்துக்கொண்டேன்.

"என்ன மம்மி?"

"ஒண்ணுமில்லடி. கை சில்லுனு இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனேன்.